ஓட்டுப் போட்டு ஜெயிக்க முடியுமா? மொன்றியலில் நான்கு நாள்

வெள்ளி, காலை 9.30

டொராண்டோவிலிருந்து மொன்றியல் 540 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் போவதற்கு மட்டும் 89 டாலர். ஆறரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று டிக்கெட் கொடுத்த பெண் சொன்னாள். எட்டரை மணி நேரம் ஆனது. 2006 டிசம்பரின் முதல் நாள் அது. வானத்திலிருந்து இறங்கியது மழைதான், ஆனால் தொட்ட இடத்திலெல்லாம் கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது. வழியோரத்து மரங்கள் ஒவ்வொரு கிளைக்கும் உறை போட்டதுபோல் பளபளத்தன. ஓட்டுநர் மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினார். யாரும் முணுமுணுக்கவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு தடிமனான புத்தகத்தைத் தொடங்கி முடித்தே விட்டார்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. விடுமுறை நாட்களில் வாலிபால் நடுவர். ஸ்கார்பரோவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஒரு மாத விடுப்பில் வந்திருந்தேன். அங்கிருந்து மொன்றியலுக்குக் கிளம்பக் காரணம் ரெஜினா. மன்னாரிலிருந்து அகதியாகத் திருச்சிக்கு வந்து, நான் படித்த கல்லூரியில் சேர்ந்து, இரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று வாலிபால் ஆடியவள். 86-ல் கனடா போனாள். அதன்பின் இருபது வருடமாகக் கடிதமும் தொலைபேசியும்தான். "ஞாயிற்றுக்கிழமை என்ர மகள் விளையாடுறாள். அதைப் பார்க்கவாவது வா" என்று கூப்பிட்டிருந்தாள்.

வெள்ளி, மாலை 6.00

நிலையத்தில் ரெஜினாவின் கணவர் ஜெயராசா காத்திருந்தார். திருகோணமலைக்காரர், ஐம்பதைத் தொடும் வயது, லாரி ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர்களை ஏற்றி எல்லை தாண்டி அமெரிக்க மாநிலங்களுக்குக் கொண்டு போகிறவர். என்னைப் பார்த்ததும், "ரீச்சர்தானே? வாங்கோ, வாங்கோ. கவனம், நிலம் வழுக்கும்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். இலங்கைத் தமிழில் டீச்சர், ரீச்சராகிவிடுகிறாள். நான்கு நாளும் நான் ரீச்சர்தான்.

காருக்குள் வானொலியில் இரண்டு பேர் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ தேர்தல் என்று நினைத்தேன்.

"தேர்தல் மாதிரித்தான், ரீச்சர்" என்றார் ஜெயராசா. "அமெரிக்காவில யூனிவர்சிட்டிப் பிள்ளையள் விளையாடுற ஃபுட்போல். ஆர் சாம்பியன் எண்டதை ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிறாங்கள்."

"ஓட்டா? யாரு போடறது, அண்ணே?"

"கோச்மார் போடுவினம். பழைய ஆட்டக்காரர், பேப்பர்காரர் போடுவினம். அதோட ஆறு கொம்ப்யூட்டரும் கணக்குப் பாக்கும். எல்லாத்தையும் கூட்டி முதல் ரெண்டு இடத்துக்கு வாற ரெண்டு டீமும் ஜனவரியில ஒரு மாட்ச் விளையாடும். மற்ற ஆக்கள் வீட்டை போகவேண்டியதுதான்."

"நாக் அவுட் வெக்க மாட்டாங்களா?"

அவர் ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். "அதைத்தான் நான் பத்து வரியமாக் கேக்கிறன்!"

பியர்பொன்ட்ஸில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் இதைத்தான் பேசினார். பன்னிரண்டு வருடமாக லாரியில் தனியாக ஓடுகிறவர். அமெரிக்கச் சாலைகளில் தமிழ் வானொலி கிடைக்காது. கிடைத்ததெல்லாம் இந்த ஆட்ட வர்ணனைதான். கேட்டுக் கேட்டு வடக்கு மாநிலம் ஒன்றின் பல்கலைக்கழக அணி அவருடைய அணியாகிவிட்டது. அந்தக் கல்லூரி வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. அணிகளின் பெயர்கள் எனக்கு மனதில் நிற்கவில்லை. அதனால் வடக்கு அணி, தெற்கு அணி என்றே எழுதுகிறேன்.

வீட்டு வாசலில் ரெஜினா நின்றாள். இருவருமே பருத்திருந்தோம். கட்டிக்கொண்டபோது, "உனக்கு இப்ப ஜம்ப் பண்ண ஏலுமோ?" என்றுதான் முதலில் கேட்டாள்.

சனி, காலை 10.00

உறைமழை நின்று வெயில் வந்திருந்தது. ஜெயராசா என்னைத் துறைமுகம் பார்க்கக் கூட்டிப்போனார். நகரின் கிழக்குப் பக்கம் நதியோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. கடலிலிருந்து ஆயிரம் மைல் உள்ளே இருந்தாலும் பெரிய கப்பல்கள் இங்கே வந்து நிற்கின்றன. உள்ளே விட மாட்டார்கள். வேலிக்கு வெளியே காரை நிறுத்தி, பாரந்தூக்கிகள் பெட்டிகளை எடுத்து அடுக்குவதைப் பார்த்தோம். சிவப்பு, நீலம், துருப்பிடித்த பச்சை. "உந்தப் பச்சைப் பெட்டியைப் போன கிழமை நான் கொண்டுபோய் இறக்கினனான்" என்று ஒன்றைக் காட்டினார். ஆயிரம் பெட்டிகளில் அது எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "தெரியாது, ரீச்சர். சும்மா சொன்னனான்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

திரும்பும் வழியில் ஒரு தெப்பனரில் நிறுத்தினார். நம்மூர்ப் பெட்டிக்கடைபோல எல்லாம் விற்கும் தெருமுனைக் கடை. ஒரு காபி 1.25 டாலர். கடைக்காரருக்கு "மெர்சி" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தமிழிலேயே "நன்றி அக்கா" என்றார்.

சனி, மாலை 4.30

நாலரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ரெஜினாவின் அண்ணன் சேவியர் வந்திருந்தார். ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர், அமைதியான மனிதர். ஞாயிற்றுக்கிழமை வாலிபால் போட்டியை நடத்தும் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். மச்சான்கள் இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் ரெஜினாவும் பின்னால் உட்கார்ந்து, உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸுக்கு மாவு தட்டிக்கொண்டே பார்த்தோம்.

ஆட்டம் எனக்குப் புரியவில்லை. பெயர் ஃபுட்பால், பந்து இரண்டு பக்கமும் கூராக இருக்கிறது, பெரும்பாலும் கையால்தான் எறிகிறார்கள். ஆனால் நிலவரம் புரிந்தது. பட்டியலில் முதலிடத்து அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை, அதன் இடம் உறுதி. இரண்டாவது இடத்தில் மேற்கு அணி. மூன்றாவது ஜெயராசாவின் வடக்கு அணி, நான்காவது தெற்கு அணி. வடக்கு அணி தோற்றது ஒரே ஒரு ஆட்டம்தான், அதுவும் அந்த முதலிடத்து அணியிடம், மூன்றே புள்ளியில். இன்று மேற்கு அணி தன் ஊர்க்காரர்களிடமே தோற்றால் இரண்டாம் இடம் காலியாகும்.

தோற்றது. ஜெயராசா சோபாவிலிருந்து எழும்பிக் குதித்ததில் சுவரில் மாட்டியிருந்த மாதா படம் சாய்ந்தது. ரெஜினா எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டு வந்து மறுபடி மாவைத் தட்டினாள்.

"பொறு மச்சான்" என்றார் சேவியர். "உன்ர ஆக்கள் அந்த முதலிடத்து டீமோட ஒருக்கா விளையாடித் தோத்திட்டாங்கள். திரும்ப ஏன் அவங்களுக்கே சான்ஸ்? தெற்கு அணிக்குக் குடுத்தாலென்ன?"

"மூண்டு பொயின்ட்! அதுவும் அவங்கட ஊரில போய்! அதெல்லாம் ஒரு தோல்வியோ?"

"தோல்விதானே."

"அப்ப எட்டு டீமைக் கூப்பிட்டு விளையாட விடட்டும். இங்க கனடாவில எங்கட யூனிவர்சிட்டிப் பிள்ளையள் விளையாடித்தானே முடிக்கிறாங்கள்? உலகத்தில எந்த விளையாட்டில கையை உயர்த்திச் சாம்பியன் எடுக்கிறாங்கள், சொல்லு!"

சேவியர் ஒரு ரோல்ஸை எடுத்து ஆறவிட்டார். "இப்ப அவங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் ஃபைனல். செப்டம்பரில ஒண்டு தோத்தாலும் நெஞ்சு இடிக்கும். நீ எட்டு டீமைக் கூப்பிட்டியெண்டால், முதல் ரெண்டு மாசமும் ஆர் பாப்பினம்? அதோட அவங்கள் படிக்கிற பிள்ளையள். டிசம்பரில சோதினை. புதுவரியத்தில அந்தந்த ஊரில காலங்காலமா நடக்கிற மாட்சுகளும் இருக்கு. வரியம் முழுக்கப் பாத்த ஆக்களின்ர கண்ணுக்கு ஒரு மரியாதை இல்லையோ? ஒரு நாள் அதிர்ஷ்டத்தில ஒருத்தன் வெண்டால் அவன் பெரிய ஆளோ?"

"ஓம், பெரிய ஆள்தான். வெண்டவன் வெண்டவன்தான்!"

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. நடுவராக இருபது வருடம் நின்ற எனக்கு, ஜெயராசா பக்கம்தான் மனம் போனது. அதை வாய்விட்டும் சொன்னேன். "பாத்தியோ, ரீச்சரே சொல்லிப்போட்டா!" என்று அவர் அடுத்த அறையில் இருந்த மகளுக்குக் கூவினார். "அப்பா, அமைதி! எனக்கு எக்ஸாமன் இருக்கு!" என்று பதில் வந்தது.

தெற்கு அணியின் ஆட்டம் அதற்குள் தொடங்கியிருந்தது. ஒன்பதரைக்கு நான் படுக்கப் போய்விட்டேன். அவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று காலையில் ஜெயராசாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இனி இரண்டாம் இடம் வடக்குக்கா தெற்குக்கா என்பது ஓட்டில்தான். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அறிவிப்பார்கள்.

ஞாயிறு, காலை 7.15

கார் முழுக்கச் சாப்பாட்டுச் சட்டிகளும் வலையும் பந்துகளும். அதனால் ஜெயராசாவும் ரெஜினாவும் காரில் போக, நானும் மகள் அனுஷாவும் பேருந்தும் மெட்ரோவுமாகப் போனோம். போட்டி நதிக்கு அந்தப் பக்கம், லொங்குய்ய்யில் ஒரு பள்ளிக்கூட உள்ளரங்கில். டிக்கெட் 2.50 டாலர், லொங்குய்ய்க்கு வேறு கட்டணம். பியர்பொன்ட்ஸ் பேருந்து ஆடி அசைந்து ஒரு மணி நேரம் எடுத்தது. பிறகு ஆரஞ்சு நிறத் தடத்தில் பெரி நிலையம், அங்கிருந்து மஞ்சள் தடம். மஞ்சள் தடத்தில் மொத்தம் மூன்றே நிலையங்கள். நதிக்கு அடியில் ஓடும்போது காது லேசாக அடைத்தது.

அனுஷாவுக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. அவள் அணியின் தலைவி. செட்டரும் அவளே, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். நாங்கள் ஆடிய காலத்தில் அது ரெஜினாவின் இடம்.

"அன்ரி, அப்பா உங்களுக்கும் அந்த அமெரிக்கன் கதை சொல்லிட்டாரோ?"

"ரெண்டு நாளா அதுதான்."

"தேசொலே" என்றாள் பிரெஞ்சில், அவர் சார்பில் மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு யோசித்து, "ஆனா அவர் சொல்றது சரி. மற்ற ஆக்கள் இருந்து கதைச்சு நீ வெண்டாய் எண்டு சொன்னா, எனக்கு அது பிடிக்காது" என்றாள்.

ஞாயிறு, பகல்

ஐந்து அணிகள், எல்லாம் பெண்கள். ஒவ்வோர் அணியும் மற்ற நான்கோடு ஒரு செட் ஆட வேண்டும். முதலிரண்டு இடம் பிடிப்பவர்கள் இறுதியாட்டம் ஆடுவார்கள். மன்னார்க் குடும்பங்கள், மட்டக்களப்புக் குடும்பங்கள், திருகோணமலைக்காரர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். மண்டபம் கோயில் திருவிழாபோல இருந்தது. எனக்கு வேலை எதுவுமில்லை. கையில் விசிலில்லாமல் ஒரு போட்டியைப் பார்ப்பதே புதிதாக இருந்தது. தட்டில் புட்டும் சம்பலும், பக்கத்தில் ரெஜினா. "கையைப் பின்னுக்கு எடு, பின்னுக்கு!" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியது. அனுஷா அழகாக ஆடினாள். அவள் விரலில் பந்து நின்று யோசித்துவிட்டுப் போவதுபோல இருக்கும்.

சிக்கல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தது. பத்து ஆட்டமும் முடிந்தபோது அனுஷாவின் பியர்பொன்ட்ஸ், உள்ளூர் லொங்குய்ய், நகரின் இன்னொரு பகுதியான கோட் தே நேஜ் மூன்று அணிகளும் மும்மூன்று வெற்றி, ஒவ்வொரு தோல்வி. லொங்குய்ய் பியர்பொன்ட்ஸை வென்றிருந்தது. பியர்பொன்ட்ஸ் கோட் தே நேஜை வென்றிருந்தது. கோட் தே நேஜ் லொங்குய்ய்யை வென்றிருந்தது. இப்படி வந்தால் புள்ளிக் கணக்கைப் பார்ப்பது வழக்கம். ஆனால் சேவியர் தம் அட்டையில் ஜெயித்தவர் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டிருந்தார், அவ்வளவுதான். புள்ளிகளை யாரும் எழுதி வைக்கவில்லை. நான்கு மணிக்கு மண்டபத்தைப் பூட்டுவார்கள். இருப்பது ஐம்பத்தைந்து நிமிடம், ஓர் இறுதியாட்டத்துக்குத்தான் நேரம் போதும்.

குழுவினர் ஐந்து பேர் மூலையில் கூடினார்கள். லொங்குய்ய் போன வருட சாம்பியன். அது இறுதியாட்டத்துக்கு வரட்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மற்ற இடம் யாருக்கு? இரண்டு பேர் பியர்பொன்ட்ஸ் என்றார்கள், கோட் தே நேஜை நேருக்கு நேர் வென்றவர்கள் என்பதால். இரண்டு பேர் கோட் தே நேஜ் என்றார்கள். லொங்குய்ய்யிடம் ஏற்கெனவே தோற்றவர்களை மறுபடி எதற்கு விட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. முந்தைய நாள் சோபாவில் கேட்ட அதே வாதம், இப்போது தமிழ்ப் பெண்களைப் பற்றி.

ஐந்தாவது ஓட்டு சேவியருடையது. அவர் தலையை ஆட்டினார். "நான் போடமாட்டன். அனுஷா என்ர மருமகள். அது சரியில்லை." சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் மேல் விழுந்தது. "ரீச்சர் இருக்கிறா. நடுவர். இங்க ஆருக்கும் சொந்தமில்லை. ரீச்சர் சொல்லட்டும்."

எல்லோரும் சம்மதித்தார்கள். நான் எழுந்து நடந்தேன். பாதி வழியில் ஜெயராசா என்னோடு சேர்ந்துகொண்டார். குரலைத் தணித்து, "ரீச்சர், நீங்கள் எங்கட வீட்டை நிக்கிற ஆள்" என்றார். "பிள்ளை ஆகஸ்டில இருந்து இதுக்குத்தான் ஓடுறாள். கையை ஒருக்கா உயர்த்துங்கோ, காணும்."

அவர் வீட்டில் உண்டு, அவர் காரில் சுற்றியவள் நான். அவர் கேட்டதில் வஞ்சகம் கிடையாது, அப்பா ஒருவரின் ஆசைதான். ஆனால் நான் பியர்பொன்ட்ஸ் என்று சொன்னால், நியாயமாகவே சொன்னாலும், விருந்தாளி நன்றிக்கடன் தீர்த்தாள் என்று ஆகும். கோட் தே நேஜ் என்றால் அன்றிரவு அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது?

"அப்பா!"

அனுஷா எங்களுக்குப் பின்னால் நின்றாள். தண்ணீர் குடிக்க வந்தவள், கேட்டுவிட்டாள்.

"நீங்கள் அன்ரியிட்ட ஓட்டுக் கேக்கிறீங்களோ? நீங்கள்?"

ஜெயராசா என் பக்கத்திலிருந்து ஓர் அடி விலகினார். அந்த மனிதரின் முகம் அப்படிச் சிறுத்து நான் பார்த்ததில்லை. அனுஷா அவரை விட்டு என்னைப் பார்த்தாள். "அன்ரி, வேற வழி இல்லையோ? நீங்கள் இவ்வளவு மாட்ச் நடத்தியிருக்கிறீங்கள்."

அப்போதுதான் நடுவர் மூளை வேலை செய்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பன்னிரண்டு.

குழுவிடம் போய், "நான் யாருக்கும் ஓட்டுப் போடலை" என்றேன். "மூணு டீமும் ஆடட்டும். இருபத்தஞ்சு வேண்டாம், பதினஞ்சு பாயிண்ட் செட். மூணு செட். ஒண்ணுக்குக் கால் மணி நேரம். ரெண்டு ஜெயிக்கிற டீம் சாம்பியன். மறுபடி சமம்னா புள்ளிக் கணக்கு. இந்தத் தடவை நான் எழுதறேன்."

"அப்ப முதல் ரெண்டு மாட்சும் ஒரே டீம் ஓய்வில்லாமல் விளையாட வேணுமே?" என்றார் கோட் தே நேஜ் பக்கம் பேசியவர். அது உண்மை. எப்படி அடுக்கினாலும் யாராவது அடுத்தடுத்து ஆட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது செட் ஆடும் அணிக்கும் அதே நிலைதான், ஆனால் அவர்களுக்கு முதலில் கால் மணி ஓய்வு கிடைக்கும். மூன்று தலைவிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நாங்கள் விளையாடுறம்" என்றாள் அனுஷா. "முதல் ரெண்டும் நாங்கள்."

அவள் அணிப் பெண்கள் அவளை முறைத்தார்கள். ஆனாலும் எழுந்து நின்றார்கள்.

ஒரு தடை மிச்சமிருந்தது. மண்டபத்துச் சாவியை வைத்திருந்த பிரெஞ்சுப் பெண்மணி மணிக்கட்டைத் தட்டி, "காத்ர் எர்" என்றார். நான்கு மணி. அனுஷா அவரிடம் ஓடிப்போய் வேகமான பிரெஞ்சில் பேசினாள், கையைக் காலை ஆட்டி. அந்த அம்மாள் மூன்று அணிகளையும் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

யாரோ ஒரு விசில் கொடுத்தார்கள். நான் ஊதினேன்.

முதல் செட்டில் பியர்பொன்ட்ஸ் கோட் தே நேஜை 15-12 என்று வென்றது. மண்டபம் அதிர்ந்தது. மூச்சு வாங்க ஒரு நிமிடம், உடனே லொங்குய்ய். 13-13 வரை வந்தார்கள். அனுஷாவுக்குக் கால் தளர்ந்திருந்தது தெரிந்தது. பந்துக்குக் கீழே ஓடிவர அரை நொடி தாமதமானாள். ஒரு பந்து வலையில் பட்டு விழுந்தது. அடுத்ததைத் தூக்கிக் கொடுத்தாள். அடித்தவள் கோட்டுக்கு வெளியே அடித்தாள். நான்தான் கையை உயர்த்தி வெளியே என்று காட்ட வேண்டியிருந்தது. ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் வெளியேதான். 13-15. ஜெயராசா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது செட்டில் லொங்குய்ய் கோட் தே நேஜை 15-10 என்று வென்றது. நான்கு மணி எட்டு நிமிடம். சாவிக்கார அம்மாள்தான் முதலில் எழுந்து கைதட்டினார்.

அனுஷா வலைக்கு அடியில் புகுந்து போய் லொங்குய்ய் தலைவியைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் வந்தாள். "அவங்கள் எங்களை ரெண்டு தரம் வெண்டிட்டாங்கள், அப்பா. அவங்கள்தான் சாம்பியன். எனக்குப் பசிக்குது."

மிச்சமிருந்த புட்டை அவளும் லொங்குய்ய் பெண்களுமாக ஒரே சட்டியிலிருந்து காலி செய்தார்கள்.

ஞாயிறு, இரவு 8.00

எல்லோரும் மறுபடி தொலைக்காட்சிக்கு முன்னால். அனுஷா சோபாவில் நீட்டிப் படுத்து, முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்திருந்தாள். சேவியரும் வந்திருந்தார். அறிவிப்பாளர் நிறைய இழுத்துவிட்டுச் சொன்னார்: தெற்கு அணி. வடக்கு அணி மூன்றாவது இடம். அது இரண்டு வாரமாக ஆடவேயில்லை. ஆடாமலே கீழே இறங்கிவிட்டது.

ஜெயராசா கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"இண்டைக்குப் பின்னேரம் நான் சரியாக் கவலைப்பட்டனான்" என்றார். "இப்ப அந்தக் கவலை இல்லை. அனுஷா தோத்தவள், தெரியும், முடிஞ்சுது. ஆனா இந்தப் பிள்ளையள் பாவம். அவங்கள் வெல்லவுமில்லை, தோக்கவுமில்லை. கிழவனாகுமட்டும் இதைத்தான் கதைச்சுக்கொண்டிருக்கப் போறாங்கள்."

"தெற்கு டீமும் நல்ல டீம்தான்" என்றார் சேவியர்.

"ஓம் மச்சான். நல்ல டீமாயிருக்கலாம். அது தெரியாதெண்டுதானே சொல்றன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், நான் உங்களிட்ட அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

"விடுங்கண்ணே. எம்பொண்ணா இருந்தா நானும் கேட்டிருப்பேன்."

"நீங்கள் கேட்டிருக்க மாட்டியள்" என்றாள் அனுஷா கண்ணை மூடியபடி.

கேட்டிருப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. சேவியர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். அடுத்த வருடத்துக்கு விதிகள் எழுதித் தரச் சொன்னார். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தோம். முதல் வரி: புள்ளிகளை எழுதி வைக்க வேண்டும்.

திங்கள், காலை 8.30

ரெஜினா வேலைக்கு விடுப்பு எடுத்து, பேருந்து நிலையம் வரை வந்தாள். பனி மெலிதாகப் பெய்துகொண்டிருந்தது. உறைமழைபோல அல்ல, சாதுவாக.

"எனக்கு நேற்று முழுக்கக் கரூர்தான் நினைவில நிண்டது" என்றாள்.

எனக்கும் அதேதான். இருவரும் அந்த நான்கு நாளில் ஒருதரம்கூட அதைப் பேசவில்லை. 85-ல் கரூரில் ஒரு கல்லூரிப் போட்டி. இறுதியாட்டம், கடைசி செட், 11-11. வெளிச்சம் போய்விட்டது, மைதானத்தில் விளக்கு கிடையாது. மறுநாள் ஆட முடியாது, தேர்வு. அமைப்பாளர்கள் தனியே போய்ப் பேசிவிட்டு வந்து, நாங்கள் நன்றாக ஆடினோம் என்று கோப்பையை எங்களுக்குக் கொடுத்தார்கள். நாங்கள் கூத்தாடிக்கொண்டு பஸ் ஏறினோம். எதிரணித் தலைவி செல்வி இப்போது பழனியில் உடற்கல்வி ஆசிரியை. மாவட்டப் போட்டிகளில் சந்திக்கும்போதெல்லாம், "கமிட்டி சாம்பியன் வந்தாச்சு" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இருபத்தொரு வருடமாக இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பேருந்து கிளம்பியது. ரெஜினா கையசைத்துக்கொண்டே பனிக்குள் சின்னதானாள். மொன்றியலில் நான் பார்த்தது அதிகமில்லை. மலை மேலே ஏறவில்லை, புகழ்பெற்ற தேவாலயங்களுக்குப் போகவில்லை. மூன்று அணிகள் நன்றாகக் களைத்துப்போனதைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் போட்டிகளில் பந்தலும் மாலையும் தலைவர் உரையும் இதைவிடப் பத்து மடங்கு சிறப்பாக இருக்கும். கடைசி நான்கு புள்ளிக்கு மட்டும் பெரும்பாலும் நேரம் இருக்காது.

திண்டுக்கல் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் செல்விக்குப் போன் செய்தேன்.

"பதினொண்ணு பதினொண்ணுல இருந்து ஆடலாமா?" என்று கேட்டேன்.

எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"அன்னைக்கு சர்வீஸ் யாரு கையில இருந்துச்சு?" என்றாள்.

"உங்க கையில."

"ஞாபகம் வெச்சிருக்கியே" என்றாள் செல்வி. "ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு வா. வெயிலுக்கு முன்னாடி முடிச்சிரலாம்."